தடுப்பூசியில் காந்தத் துகளா?

"கொரோனா தடுப்பூசியில் காந்த நானோ துகள்கள் இருக்கின்றன; ஊசி போட்ட கையில் நாணயம் ஒட்டும்" என்ற 2021ஆம் ஆண்டின் வாட்ஸ்அப் செய்தி மறுபடி வலம்வருகிறது. இது உண்மையல்ல.

கோவிஷீல்டின் சேர்மானங்கள் அதன் தகவல் குறிப்பிலேயே உள்ளன: ஹிஸ்டிடின், மெக்னீசியம் குளோரைடு, பாலிசார்பேட் 80, எத்தனால், சர்க்கரை, உப்பு போன்றவை. இரும்பு இல்லை. மெக்னீசியம் என்ற பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அது காந்தத்தில் ஒட்டாது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) உண்மை சரிபார்ப்புப் பிரிவும் 2021 ஜூனிலேயே இதை மறுத்துவிட்டது.

பிறகு நாணயம் ஏன் ஒட்டுகிறது? வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும்தான் காரணம். அதே இடத்தைத் துடைத்து, முகப்பவுடர் பூசிவிட்டு வையுங்கள், வழுக்கி விழும். ஊசியே போடாத நெற்றியிலும் நாணயம் ஒட்டும்.

காந்த நானோ துகள்கள் மருத்துவத்தில் உண்டு, ஆனால் ஒளிவுமறைவாக அல்ல. இரும்பு ஆக்சைடு துகள்களால் ஆன ஃபெருமாக்ஸிடால் மருந்துக்கு 2009இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அதை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். ஒரு தவணையில் 510 மில்லிகிராம் இரும்பு! தடுப்பூசியோ மொத்தமே அரை மில்லிலிட்டர். ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்குள் இத்தகைய துகள்களைச் செலுத்தி, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தால் சூடேற்றும் சிகிச்சைக்கும் அனுமதி தரப்பட்டது.

இந்தப் பயத்தால் தடுப்பூசியைத் தவிர்த்த முதியவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.