ரவிதாசன் கல்வெட்டில் இருக்கிறான்

'பொன்னியின் செல்வன்' நாவலில் சதிகார மந்திரவாதியாக வரும் ரவிதாசன், நந்தினியைப் போலவே முழுக்கக் கல்கியின் கற்பனை என்று சிலர் சொல்கிறார்கள். நந்தினிக்கு அது பொருந்தும், ரவிதாசனுக்குப் பொருந்தாது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன் என்பவனோடு அது சேர்த்துச் சொல்லும் பெயர், 'ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன்'. 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்பது அரசுப் பட்டம், அதாவது அவன் பட்டம் பெற்ற ஓர் அதிகாரி! மந்திரவாதி வேடம் மட்டும்தான் கல்கி போட்டது. நாவல் ரசிகர்களான நாங்கள், கரிகாலனைக் கொன்ற கத்தி யார் கையிலிருந்து வந்தது என்று பேசுவோம். வரலாற்று ஆர்வலர்கள் இந்தக் கல்வெட்டின் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து மல்லுக்கட்டுவார்கள். ஒருவர் பேச்சு மற்றவரை எட்டுவதில்லை, அதனால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். கல்வெட்டின் பாடம், கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் 'எபிகிராபியா இண்டிகா' வெளியீட்டின் 21ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. நேரில் போனால் கருவறைச் சுவரைப் பாருங்கள்.