டெட் ஸ்பேஸ் 2 நல்ல கேம்தான், ஆனால் பயம் முதல் பாகத்தில்தான்

டெட் ஸ்பேஸ் என்ற விண்வெளித் திகில் வீடியோ கேம் வரிசையைப் பற்றிப் பேச்சு வந்தாலே "ரெண்டாவதுதான் மாஸ்" என்று பலர் சொல்வார்கள். ஒரு விதத்தில் அது உண்மை. 2011 ஜனவரியில் வந்த டெட் ஸ்பேஸ் 2, கன்ட்ரோலரைக் கையில் பிடித்த நிமிடத்திலிருந்து முதல் பாகத்தைவிட மெருகேறிய கேம். ஆனால் இந்த வகை கேம்களை நாம் தேடிப் போவதே பயப்படுவதற்காகத்தானே? அந்தக் கணக்கில் 2008-இல் வந்த முதல் பாகத்தை அது நெருங்கக்கூட இல்லை.

கதையின் முக்கியத் திருப்பங்களை இங்கே சொல்லப் போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் பாகத்தில் ஐசக் கிளார்க் ஒரு இன்ஜினியர். இஷிமுரா என்ற ராட்சத சுரங்கக் கப்பலோடு தொடர்பு அறுந்துவிட்டது, பழுதுபார்க்கப் போகிறார், அவ்வளவுதான். உள்ளே போனபிறகும் பழுதுபார்க்கும் வேலைதான். டிராம் ஓடவில்லை, போய் ஓட வை. இன்ஜின் நின்றுவிட்டது, கிளப்பிவிடு. காற்றில் விஷம் கலந்துவிட்டது, காரணத்தைக் கண்டுபிடி. கூட வந்த ஹாமண்டும் கெண்ட்ராவும் மாறிமாறி ஏவுகிறார்கள், ஐசக் வாயே திறப்பதில்லை. அந்த கேமின் பயத்துக்கு வேர் இதுதான். வீரதீரமாக எதையும் சாதிக்க வேண்டியதில்லை. முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு அந்த இருட்டு நடைபாதை வழியாகப் போயே ஆகவேண்டும். கையில் இருப்பதும் ராணுவத் துப்பாக்கி அல்ல, பாறை அறுக்கிற பிளாஸ்மா கட்டர்.

அதை வைத்துச் சண்டை போடுவதே தனிப் பதற்றம். தலையைக் குறிபார்த்துச் சுடும் பழக்கம் இங்கே எடுபடாது. தலை போனபிறகும் நெக்ரோமார்ஃப், அதாவது பிணத்திலிருந்து உருமாறிய அரக்கன், கையை வீசிக்கொண்டே வரும். கை கால்களைத்தான் வெட்ட வேண்டும். கட்டரை நெட்டுவாக்கில் வைத்துக் கைகளை, குறுக்காகத் திருப்பிக் கால்களை. கால் போனால் அது தரையில் ஊர்ந்து வரும். எத்தனை குண்டு மிச்சம் என்பது ஆயுதத்தின் மேலேயே ஒளிரும், உயிர் எவ்வளவு மிச்சம் என்பது ஐசக்கின் முதுகெலும்பில் தெரியும். பையைத் திறந்து மருந்தைத் தேடும்போதுகூட கேம் நமக்காக நிற்காது. காற்றில்லாத பகுதிக்குள் போனால் சத்தமெல்லாம் அமுங்கி, ஐசக்கின் மூச்சு மட்டும்தான் காதில் கேட்கும். பின்னால் எது வந்தாலும் தெரியாது.

இரண்டாம் பாகம் மூன்று வருடம் கழித்து, சனிக் கோளின் டைட்டன் நிலவில் இருக்கும் ஸ்ப்ரால் நகரத்தில் நடக்கிறது. கைகள் கட்டப்பட்ட நிலையில் ஐசக் ஓட ஆரம்பிக்கிறார், அந்த ஓட்டம் நிற்பதே இல்லை. ரயில் தடம் புரள்கிறது, கட்டடம் வெடிக்கிறது, விண்வெளியில் தூக்கி வீசப்படுகிறோம். ஒவ்வொன்றும் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சு முட்ட ஓடுகிறவனுக்குப் பயப்பட நேரம் ஏது? போதாக்குறைக்கு ஐசக் இப்போது பேசவும் செய்கிறார், கோபப்படுகிறார், திட்டுகிறார். கதைக்கு அது பெரிய பலம். காதலி நிக்கோல் இறந்துபோனதன் குற்ற உணர்ச்சி அவரைத் தின்பதை முதல் பாகம் இவ்வளவு ஆழமாகக் காட்டவில்லை. ஆனால் அவர் குரல் கேட்கக் கேட்க நமக்குத் துணை கிடைத்த தைரியம் வந்துவிடுகிறது.

புதிதாக வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டாக்கர்கள் என்ற எதிரிகள். பெட்டி மறைவிலிருந்து தலையை நீட்டி எட்டிப் பார்க்கும், நாம் திரும்பினால் ஒளிந்துகொள்ளும், அப்புறம் வேறு பக்கத்திலிருந்து பாய்ந்து வரும். ஜன்னலை உடைத்தால் அறையிலிருப்பதெல்லாம் வெளியே உறிஞ்சப்படுவதும் அருமையான யோசனை. எதிரிகளோடு நாமும் இழுபட்டுப் போகும்போது, மேலே சிவப்பாக ஒளிரும் பொத்தானைச் சுட்டுக் கதவை மூடினால்தான் உயிர் தப்பும். கடைசிக்குச் சற்று முன்பு வரும் ஊசி இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐசக்கின் கண்மணிக்கு நேராக ஊசியை நாமே இறக்க வேண்டும். மல்டிபிளேயர் மட்டும் தேவையில்லாத ஒட்டு.

இவ்வளவும் இருந்தும், அந்த கேமில் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது பத்தாவது அத்தியாயம்தான். ஐசக் மறுபடி இஷிமுராவுக்குள் நுழைகிறார். சுத்தம் செய்து, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தெரிந்த நடைபாதைகள், தெரிந்த கதவுகள். ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே வருவதில்லை. இதோ வரும், இதோ வரும் என்று ஒவ்வொரு காற்றுக்குழாயையும் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். ஓட்டத்தை நிறுத்தி, முதல் பாகத்தின் கப்பலுக்குள், முதல் பாகத்தின் நிதானத்தில் நடக்க விட்டபோதுதான் இரண்டாம் பாகத்துக்கே அந்தப் பயம் கிடைத்தது.

2023-இல் மோட்டிவ் ஸ்டுடியோ முதல் பாகத்தை ரீமேக் செய்தபோது இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. ஈர்ப்பு விசை இல்லாத இடங்களில் இஷ்டத்துக்குப் பறக்கும் வசதி, ஐசக்கின் குரல் இரண்டையும் இரண்டாம் பாகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஐசக் அளவாகத்தான் பேசுகிறார். முழுக் கப்பலும் ஒரே இடமாக இணைந்திருக்கிறது, பார்த்த அறைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும், போகும்போதெல்லாம் அங்கே என்ன காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

என்றாவது இரண்டாம் பாகத்துக்கும் ரீமேக் வந்தால், ரயிலையும் வெடிகளையும் பாதியாகக் குறைக்கட்டும். ஸ்ப்ரால் ஒரு முழு நகரம். அங்கே வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது, யூனிட்டாலஜி என்ற கற்பனை மதத்தின் கோவில் இருக்கிறது. அங்கேயும் ஐசக்குக்குப் பழுதுபார்க்க வேலை கொடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு மூன்று முறை போகவிடுங்கள். எனக்கு அது போதும்.