தவில்காரர் தள்ளி உட்கார 1,880 வெள்ளி

பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பின் பவர் கேபிளை மாற்றினால், ஓடுகிற பாட்டில் தவில்காரர் இரண்டடி பின்னால் தள்ளி உட்காருவாராம், ஹைஃபை கடையில் சொல்கிறார்கள். நாகஸ்வரக்காரருக்கு மூச்சுவிட இடம் கிடைக்குமாம். விலை 1,880 சிங்கப்பூர் வெள்ளி, கழிவு போக. அந்தக் காசுக்கு அவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கே வரவழைத்து, இலை போட்டுச் சாப்பாடும் போட்டு, "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று நேரிலேயே கேட்டுக்கொள்ளலாமே!

நான் கடைக்குப் போனது இதற்கா? இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளிலிருந்து, அதன் சன்னமான சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிள் ஒன்று வேண்டும். கூடவே எர்த் வயரும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பழைய கேபிளின் பிளக் நம்ம ஊர் ஈரக்காற்றில் பச்சை பூத்துவிட்டது. விரலால் அழுத்திப் பிடித்தால் பாட்டு வரும், விட்டால் "ம்ம்ம்ம்" என்று உறுமல் வரும். சுரண்டியாயிற்று, துடைத்தாயிற்று, திருகிப் பார்த்தாயிற்று. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கூத்து நடக்கிறது என்று எனக்குத் தெரியும், கையைத் தூக்க வேண்டாம்.

கடைப் பெயர் வேண்டாம். ஏசி எலும்பைத் துளைக்கும், செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள், எந்தச் சாமானிலும் விலைச்சீட்டு இருக்காது. புரிந்திருக்கும்.

விற்பனைக்கு நின்றவர் நம்ம தமிழ்ப் பிள்ளைதான். "வாங்கண்ணே" என்றார். குளிர்ந்துபோனேன். "தம்பி, ஒரு மீட்டர் ஃபோனோ கேபிள் வேணும். கெப்பாசிட்டன்ஸ் எத்தனை பிகோஃபாரட்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். கேபிள் தன்னுள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதன் அளவு அது. அவர் கேட்ட கேள்வி: "சிஸ்டத்துக்கு என்ன பவர் கேபிள் போட்டிருக்கீங்கண்ணே?"

"டப்பாவோட வந்ததுதான் தம்பி."

முகம் வாடிவிட்டது. எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அதாண்ணே பிரச்சினை" என்றார். என்ன பிரச்சினை? பிரச்சினை என்று நான் ஒன்றும் சொல்லவே இல்லையே!

நடு நாற்காலியில் உட்கார வைத்தார். இந்தக் கடைகளில் எப்போதும் ஒரே ஓர் ஆங்கிலப் பெண்குரல்தான் ஓடும், பக்கத்தில் ஒரு கிட்டார் சொட்டுச் சொட்டாக வாசிக்கும். நான் நாகஸ்வரம் போடச் சொன்னேன். போட்டார். "கண்ண மூடிக்குங்கண்ணே." மூடினேன். மல்லாரி கொஞ்ச நேரம் ஓடியது. நிறுத்தினார். ஆம்ப்பை அணைத்தார். அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு மலைப்பாம்பை இழுத்தார். கருநீல வலை போர்த்தியது, என் கட்டைவிரலைவிடத் தடிமன், தலைப்பக்கம் மரப்பூண் வேறு. ஆம்ப்பின் பின்பக்கம் செருகினார், அது தன் கனத்திலேயே நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி செருகினார், மறுபடி விழுந்தது. கடைசியில் அடியில் ஒரு சின்ன பீங்கான் கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அந்தக் கட்டையும் விற்பனைக்கு உண்டாம். பிறகு ஆம்ப் சூடாக வேண்டும் என்று இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். என் கால் விரல்கள் விறைத்துவிட்டன.

"இப்ப கேளுங்கண்ணே."

இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அதனால்தான் பார்த்தேன். முதலில் பாட்டு ஓடியபோது ஆம்ப்பின் முகப்பில் -32 என்று இருந்தது. இப்போது -30.5. ஒன்றரை டெசிபல் கூட. இந்தச் சின்ன வித்தியாசத்தை நம் காது "சத்தம் கூடிவிட்டது" என்று பெரும்பாலும் பிடிக்காது, "அட, நல்லா இருக்கே" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஹைஃபை வியாபாரத்தின் மிகப் பழைய வித்தை இது.

"தம்பி, வால்யூம் ஏறியிருக்கே?"

"அது கேபிள் பண்றதுண்ணே."

கேபிள் பண்ணுகிறதாம்! முகப்பில் இருக்கும் எண்ணையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது போலிருக்கிறது, 1,880 வெள்ளி சும்மாவா? "சரி தம்பி, அந்த பிகோஃபாரட்?" என்றேன். "அதெல்லாம் வெறும் நம்பர்ண்ணே. பாட்ட காதாலதான கேக்கணும்?" அப்படியானால் அந்த 1,880 என்ன, ராகமா?

யோசித்துப் பாருங்கள். ஜூரோங் தீவிலோ துவாஸிலோ எரிவாயுவில் மின்சாரம் தயாராகிறது. தரைக்குக் கீழே சுமார் 60 மீட்டர் ஆழத்தில் தோண்டிய சுரங்கங்களில் 230, 400 கிலோவோல்ட்டாக ஓடி வருகிறது. துணைமின்நிலையங்களில் படிப்படியாக இறங்கி, அடுக்குமாடி புளோக் முழுக்க ஏறி, என் வீட்டுச் சுவருக்குள் சாதாரண 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் வந்து சாக்கெட்டை எட்டுகிறது. அதுவரை ஒரு குறையும் இல்லை. கடைசி ஒன்றரை மீட்டரில்தான் சங்கீதம் கெட்டுப்போகிறதாம்! வேடிக்கை அதோடு முடியவில்லை. நம்ம ஊர் மூன்று கால் பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஓர் அங்குல நீளத்தில். உள்ளே இருப்பது மெல்லிய இழை. மலைப்பாம்பு எவ்வளவு தடித்தாலும் அது குடிக்கும் மின்சாரம் மொத்தமும் அந்த இழை வழியாகத்தான் போயாக வேண்டும். போனதும் ஆம்ப் செய்யும் முதல் வேலை என்ன? டிரான்ஸ்ஃபார்மரில் குறைத்து, டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கிக்கொள்கிறது. தவில்காரர் இதில் எந்தக் கட்டத்தில் எழுந்து தள்ளி உட்காருகிறார் என்று யாராவது சொன்னால் தேவலை.

வயிற்றெரிச்சல் எதில் என்றால், கேபிள் நிஜமாகவே வேலை செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. நான் கேட்டுப் போனதே அதைத்தான்! சிடி பிளேயரிலிருந்து வருவது 2 வோல்ட். டர்ன்டேபிள் ஊசியைத் தாங்கும் எம்எம் (அசையும் காந்தம்) காட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது நானூற்றில் ஒரு பங்கு. எம்சி (அசையும் சுருள்) காட்ரிட்ஜ் என்றால் அதைவிடவும் சன்னம். அந்தச் சிணுங்கலை ஃபோனோ பிரீஆம்ப் நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் கீழ்ஸ்தாயியைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள் என்பதால், அதைச் சரிக்கட்ட 50 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் ஏழு மடங்கு தூக்குகிறது. நம் மின்சாரத்தின் உறுமல் எங்கே இருக்கிறது? மிகச் சரியாக 50 ஹெர்ட்ஸில்! கேபிளைச் சுற்றிய ஷீல்டு, அதாவது கவச வலை, மோசமாக இருந்தாலோ எர்த் வயர் தளர்ந்தாலோ அந்த உறுமலுக்கு இரத்தினக் கம்பளம் விரித்தாயிற்று. கெப்பாசிட்டன்ஸும் அப்படித்தான். பல எம்எம் காட்ரிட்ஜ்கள் மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட் வரைதான் கேட்கின்றன. அதில் பாதியை பிரீஆம்ப்பும் ஊசியைத் தாங்கும் டோனார்மின் வயரும் முன்பே தின்றுவிடும். கேபிளும் அதிகம் சேர்த்தால் மேல்ஸ்தாயி ஓர் இடத்தில் துருத்திக்கொண்டு நின்று, அதற்கு மேலே சட்டென்று சரிந்துவிடும். நல்ல நாகஸ்வரம் பீப்பீயாகிவிடும். இதற்குத்தான் அந்த நம்பர் வேண்டும். அதைத்தான் அந்தத் தம்பி வெறும் நம்பர் என்கிறார்.

அப்புறம் ஸ்பீக்கர் வயர். அங்கே கூட்டமாக ஓடுவது கரண்ட், ஆகவே தடிமன் வேண்டும், நீளம் குறைய வேண்டும். சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் 4 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 8 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் 0.05 ஓம் சொச்சம். இனாமாகக் கிடைக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் நூல் வயரில் கால் ஓமுக்கு மேல், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது உறைக்கும். சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு போய்ச் சேருங்கள். ஆனால் முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக மின்னினால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. கண்ணாடிபோல உள்ளே தெரியும் உறை போட்டதும் வேண்டாம், இந்த ஊரில் உள்ளே பச்சையாகிவிடுவது வெளியே தெரிந்து வயிற்றைக் கலக்கும்.

டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் பற்றிப் பேசவே போவதில்லை. வேலை செய்யும், அல்லது திரையில் புள்ளி பறக்கும். நடுவில் "கொஞ்சம் இனிமையாக" என்று ஒன்று கிடையாது.

ஸ்பீக்கர் வயரில் அம்புக்குறி போட்டு விற்கிறார்களே, அதையும் கேட்டேன். "கரண்ட் போற திசைண்ணே" என்றார். பாட்டு ஏசி கரண்ட் தம்பி, போகும், வரும், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போகும், வரும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்த ஆர்சிஏ கேபிளுக்கு அம்பு போட்டால் அர்த்தம் உண்டு. வெறும் இரட்டைக் கம்பிக்கு எதற்கு? "அப்ப திருப்பிப் போட்டா பாட்டு கடைசிலேருந்து ஓடுமா?" என்றேன். சிரித்தார். நல்ல பிள்ளை. அவருக்கும் மாசாமாசம் இலக்கு இருக்கும்.

கடைசியாக ஒரு முறை கேட்டேன். "சரி தம்பி, ஃபோனோ கேபிள்?"

"ஸ்டாக் இல்லண்ணே. ஆர்டர் போடணும். ஆறு வாரம் ஆகும்."

சுவர் முழுக்க மலைப்பாம்பு. ஃபோனோ கேபிளுக்கு ஆறு வாரம்.

வீட்டுக்கு வந்து பிளக்கை விரலால் அழுத்திக்கொண்டே ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கையை எடுத்தா நின்னுடுமா?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் விரல் நழுவி உறுமல் வந்துவிட்டது.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மின்வேலை பார்த்த குத்தகையாளர் இருக்கிறாரே, அவரை என்ன செய்வது? டிவி சுவருக்கு ஆறு பாயிண்ட் என்று காகிதத்தில் எழுதி, சுவரில் பென்சிலால் கோடும் போட்டுக் கொடுத்தேன். "ஓகே பாஸ், ஓகே பாஸ்" என்றார். டிவி சுவரில் இருப்பது ஒன்று. அதிலிருந்து நீட்டிப்பு வயர், அந்த வயரிலிருந்து இன்னொரு நீட்டிப்பு வயர். குளியலறைக்கு வெளியே மூன்று வைத்திருக்கிறார். வரிசையாக, மட்டம் பார்த்து, அழகாக. குளியலறை வாசலில் மூன்று சாக்கெட்டை வைத்துக்கொண்டு நான் யாருக்குக் கச்சேரி நடத்துவது?