மாட்டினால் மட்டும் போதுமா?

பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய ஃபிலிம் கேமரா) வாங்கப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் எனக்குப் பிடிப்பதே இல்லை: "மவுண்ட் ஒண்ணுதான், எந்த லென்ஸ் வேணும்னாலும் போட்டுக்கலாம்." மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம். போடலாம், சரி. படம் ஒழுங்காக வருமா? அதற்குப் பதில் லென்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வரிசையாக இருக்கும் சின்னச் சின்னத் தங்கநிறக் கான்டாக்டுகளையும் பக்கத்திலுள்ள குட்டி நெம்புகோலையும் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது.

நிக்கானில்தான் இந்தச் சிக்கல் அதிகம். எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. வெளிவளையம் இன்றுவரை அதேதான், உள்ளே நடந்த மாற்றங்கள்தான் ஏராளம். 1977இல் ஏஐ, அதாவது லென்ஸில் வைத்த அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையின் அளவை) கேமராவுக்குத் தானாகவே தெரிவிக்கும் முறை. 1986இல் எஃப்-501 வந்தபோது ஆட்டோஃபோகஸும் அதோடு லென்ஸுக்குள் சிப்பும். 2000 வாக்கில், அபெர்ச்சரைக் கையால் மாற்றும் ரிங்கே இல்லாத ஜி லென்ஸ்கள்.

ஒரு ஜி லென்ஸை எஃப்எம்2 என்ற பழைய மேனுவல் கேமராவில் மாட்டிப் பாருங்கள். 'கிளிக்' என்று அழகாக உட்காரும். வியூஃபைண்டரும் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் கேமரா பாடியிலுள்ள நெம்பு லென்ஸைத் திறந்தே பிடித்திருக்கிறது. ஷட்டரை அமுக்கியதும் அந்தப் பிடி விடுகிறது. எங்கே நிற்பது என்று சொல்ல ரிங் இல்லாததால் துளையைச் சுருக்கும் பிளேடுகள் கடைசிவரை, எஃப்/16க்கோ 22க்கோ மூடிக்கொள்கின்றன. கண்ணுக்கு ஒன்று தெரிகிறது, ஃபிலிமில் வேறொன்று விழுகிறது. புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இது ஒரு ரோல் முழுக்க இருட்டுப் படங்கள். இன்று ஃபிலிமும் கழுவும் செலவும் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இதே லென்ஸ் எஃப்4இல், அபெர்ச்சரைக் கேமராவே முடிவு செய்யும் பி, எஸ் மோடுகளில் மட்டும் சரியாக இயங்கும். எஃப்5, எஃப்100, எஃப்80, எஃப்6 என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் எஃப்80இல் சிப் இல்லாத பழைய மேனுவல் லென்ஸைப் போட்டால் ஒளியை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. ஜி லென்ஸ்களுக்கும் பின்னால் வந்த இ லென்ஸ்களில் அபெர்ச்சரை மின்சாரமே அசைக்கிறது, நெம்பு கிடையாது. அதை இயக்கத் தெரிந்த நிக்கான் ஃபிலிம் கேமரா ஒன்றுகூட இல்லை. முழுக்கத் திறந்த நிலையிலேயேதான் எடுக்க வேண்டும்.

கேனன் 1987இல் செய்தது துரோகம் என்று இன்னமும் சிலர் வருந்துகிறார்கள். இஓஎஸ் 650ஓடு வந்த இஎஃப் மவுண்டில் பழைய எஃப்டி லென்ஸ் எதுவும் நேரடியாக ஏறாது. எஃப்டியில் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 42 மிமீ, இஎஃப்பில் 44. இந்த 2 மிமீயால், நடுவில் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. எஃப்டி லென்ஸ்களை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி, மறுக்கவில்லை. ஆனாலும் கேனன் செய்ததுதான் சரி என்பேன். அபெர்ச்சர், ஃபோகஸ் எல்லாமே கான்டாக்ட் வழியாக என்று ஒரே தடவையில் முடிவெடுத்தார்கள். அதனால்தான் கேனனின் இஎஃப் லென்ஸ்களை ஃபிலிம் இஓஎஸ் பாடிகளில் யோசிக்காமல் மாட்டி எடுக்க முடிகிறது. இஎஃப்-எஸ் மட்டும் சேராது. அது டிஜிட்டலுக்கென்றே 2003இல் வந்தது.

வேறு நிறுவனங்கள் இந்த மவுண்டுக்குச் செய்த பழைய லென்ஸ்கள் தனிக் கதை. கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் முறையை வெளியிலிருந்து ஊகித்துச் செய்தவை என்பதால், புது டிஜிட்டல் பாடியில் அபெர்ச்சரைக் குறைத்ததும் எர்ரர் காட்டுபவை உண்டு. அவற்றில் பல, அதே காலத்து ஃபிலிம் பாடியில் நன்றாகவே ஓடும். எர்ரர் வந்ததும் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பென்டாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பென்டாக்ஸின் மவுண்டிலேயே பொருந்தும் ரிக்கோவின் 'பி' வகை ரிக்கெனான் லென்ஸ்களில் கூடுதலாக ஒரு பின் இருக்கும். ஆட்டோஃபோகஸ் பாடியில் போட்டால் அது ஃபோகஸ் திருகு வரும் குழிக்குள் விழுந்து, லென்ஸ் கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளலாம்.

கான்டாக்ட் அழுக்காக இருந்தால் உப்புத்தாள் போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு, போனால் போனதுதான். காட்டன் பட்ஸில் கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டினால் போதும். நிக்கான் கேமராவின் திரையில் FEE என்று வந்தால் அது அழுக்கே இல்லை, அபெர்ச்சர் ரிங்கை அதிலுள்ள மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டச் சொல்கிறது.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லென்ஸின் முன்கண்ணாடியை மட்டும் பத்துக் கோணத்தில் படம் எடுத்துப் போடாதீர்கள். பின்பக்கத்தையும் ஒரு படம் போடுங்கள், கான்டாக்டும் நெம்பும் தெளிவாகத் தெரியும்படி. எந்த பாடியில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.