பணியில் நிறைவில்லாத ஆசிரியர் குறையுள்ள மனிதர் அல்லர்

ஆசிரியர்களுக்கான அந்தப் பயிற்சி வகுப்பில் நடந்தது இதற்குள் உங்களில் பலரின் காதுக்கு எட்டியிருக்கும் என்பதால் முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஆளுமை வினாத்தாளை நிரப்பித் தரச் சொல்லிவிட்டு, மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்த கையோடு, "பணியில் நிறைவு இல்லை என்பவர்கள் முதலில் தங்கள் சுபாவத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்" என்று அந்தப் பயிற்றுநர் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. ஓர் ஆசிரியர் தன் பணியில் நிறைவு காணவில்லை என்பது அவருடைய ஆளுமையில் உள்ள பழுது அன்று. இதை அன்றே எழுந்து சொல்ல நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களின் முகம் வாடியிருந்ததைப் பார்த்தபின் வாய் வரவில்லை.

அவர் முற்றிலும் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆளுமைக்கும் பணி நிறைவுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டிமோத்தி ஜட்ஜ், டேனியல் ஹெல்லர், மைக்கேல் மவுண்ட் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 163 தனித்தனி மாதிரிகளிலிருந்து கிடைத்த முடிவுகளைத் தொகுத்து 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எளிதில் கலங்கும் மனப்பாங்குக்கும் பணி நிறைவுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1 அல்லது -1) -0.29 என்றும், கடமையுணர்வுக்கு 0.26, பிறரோடு கலகலப்பாகப் பழகும் வெளிநோக்குத் தன்மைக்கு 0.25 என்றும் கண்டார்கள். இவை உட்பட உளவியலர் வழக்கமாக அளக்கும் ஐந்து ஆளுமைக் கூறுகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் ஒட்டுறவு 0.41. பயிற்றுநர் திரையில் காட்டியது இந்த வகைக் கணக்கைத்தான். ஆனால் 0.41-ஐ அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தால் 0.17 அளவே வரும் என்பதை அவர் சொல்லவில்லை. அதாவது, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பணி நிறைவில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 17 விழுக்காட்டைத்தான் ஆளுமை விளக்குகிறது. எஞ்சியது முழுவதும் பள்ளியின் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எஞ்சியதைப் பற்றி ஒரு சொல்லாவது பேசியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதைப் பற்றிப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. நிறைவு தருபவையும் நிறைவின்மை தருபவையும் வெவ்வேறு காரணங்கள் என்று 1959-இல் சொன்னவர் அமெரிக்க உளவியலர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க். அவர் பேட்டி கண்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். அதையே கல்வி ஆய்வாளர் தாமஸ் செர்ஜியோவானி ஆசிரியர்களிடம் கேட்டு 1967-இல் வெளியிட்டார். சாதித்தோம் என்ற உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவை நிறைவு தந்தன. மேற்பார்வை நடத்தப்படும் விதமும் நிர்வாகக் கொள்கைகளும் மனக்குறை தந்த காரணங்களில் இருந்தன. மேற்பார்வையும் நிர்வாகமும் ஆசிரியரின் சுபாவத்திற்குள் இருப்பவை அல்ல. அவற்றைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அன்றைய கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களை நோக்கி ஒரு கேள்வியும் எழவில்லை.

என்னோடு பணியாற்றும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவர், ஆசிரியர் அறையில் ஓரமாக அமர்ந்து நோட்டுத் திருத்துவார். தவறான விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அந்த மாணவன் எந்த வரியில் தடம் மாறினான் என்று தேடி, அந்த இடத்தில் சிறிய எழுத்தில் ஒரு கேள்வி எழுதுவார். மணி அடித்த பிறகும் அவர் மேசையருகே பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். "நான் எளிதில் கவலைப்படுகிறேன்" என்ற கூற்றுக்கு நேராக அவர் நேர்மையாக "ஆம்" என்று குறித்தார். பின்தங்கிய மாணவனைப் பற்றிக் கவலைப்படுகிறவர் வேறு எதைக் குறிப்பார்? அந்தக் குறியை வைத்து, எல்லோர் முன்னிலையிலும், இந்தத் தொழிலுக்கு அவர் பொருந்துவாரா என்று யோசிக்கச் சொன்னார்கள். எந்த அக்கறை அவரை நல்ல ஆசிரியராக்குகிறதோ அதையே நோய்போலப் பேசினால் மனம் கொதிக்காதா?

"ஒரே பள்ளி, ஒரே தலைமை, ஒரே சம்பளம், ஒருவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், இன்னொருவர் புலம்புகிறார், அப்படியானால் சுபாவம்தானே காரணம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மிகச் சிறு வயதிலேயே பிரித்து வளர்க்கப்பட்ட, ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையர்களை ஆராய்ந்து, பணி நிறைவின் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு மரபுவழி வருவதாக ஆய்வாளர் ரிச்சர்டு ஆர்வியும் அவர் குழுவினரும் 1989-இல் கணித்ததையும் நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரே பள்ளியில் இருப்பவர்களுக்கு ஒரே வேலை கிடைப்பதில்லை என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். கடினமான வகுப்பும், பதிவேடுகளும், விடுப்பெடுத்தவரின் பாடவேளையும் "இவர் மறுக்க மாட்டார்" என்று பெயரெடுத்தவரிடமே போய்ச் சேர்கின்றன. கடமையுணர்வு மிக்கவர் அதிகம் சுமக்கிறார். பிறகு சோர்ந்தும் போகிறார். அந்தச் சோர்வுக்கும் அவர் சுபாவமே காரணம் என்றால், அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

எல்லா வேலையிலும் கஷ்டம் உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆசிரியர்களுக்கு விடுமுறை அதிகம் என்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது.

உண்மையில் ஆசிரியர்களுக்குத் தங்கள் வேலை பிடிக்காமல் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஈசிடி 2018-இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில், உறுப்பு நாடுகளின் சராசரியாகப் பத்தில் ஒன்பது ஆசிரியர்கள் பணியில் நிறைவாக இருப்பதாகவே சொன்னார்கள். சமூகம் எங்கள் தொழிலை மதிக்கிறது என்று சொன்னவர்களோ ஏறத்தாழ 26 விழுக்காட்டினர். கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் அதே மனிதர்கள்தாம். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் அவர்களின் சுபாவம் மாறிவிடவில்லை. வேலையை நேசிக்கிறவர்களிடம் போய் உன் மனத்தைத் திருத்திக்கொள் என்று சொல்வது, அந்த மதிப்பின்மையோடு இன்னொன்றையும் சேர்ப்பதாகும்.

இதை எழுதத் தொடங்கியபோது பயிற்றுநர் மீதுதான் கோபம். எழுத எழுத, அந்தத் தாள்களைப் பற்றிய கவலை பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு தாளின் மேலும் பெயர் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், பணி மதிப்பீட்டில் பயன்படுமா என்று எவரும் விளக்கவில்லை. எங்கள் சம்மதத்தையும் கேட்கவில்லை. ஆளுமை வினாத்தாளைக் கையாளும் உளவியலர் எவரும் முதலில் தெளிவுபடுத்த வேண்டியவை இவை. தாள்களைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அன்று அங்கே இருந்தவர்கள் நீங்களும் தனித்தனியாகக் கேளுங்கள்.