ஊறுவது நீர், இரும்பு அல்ல
தானம் செய்த ரத்தம் 48 மணி நேரத்தில் முழுவதுமாக ஊறிவிடும் என்று ரத்த தானம் பற்றிய கட்டுரையில் கூறியிருப்பது பாதி உண்மை. அதற்குள் ஈடாவது பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதிதான்; சிவப்பணுக்கள் பழைய அளவை எட்டச் சில வாரங்கள் ஆகும், ஒரு முறை கொடுப்பதில் வெளியேறும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்தை உணவால் மட்டும் மீட்கவோ பலருக்கு மாதக்கணக்கில் ஆகிவிடும். தவறாமல் கொடுத்துவந்த என்னையே (சற்றுப் பெருமையோடுதான் போயிருந்தேன்) சிவப்பணுக்களில் இரும்பைக் கொண்ட புரதமான ஹீமோகுளோபின் குறைவு என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதலில் சரிந்து, ஹீமோகுளோபின் கடைசியில்தான் குறையும் என்பதை மருத்துவர் விளக்கிய பிறகே அறிந்தேன். ஆகவே, அடிக்கடி கொடுப்பவர்களும் மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களும் ஃபெரிட்டின் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்கலாம் என்ற ஒரு வரியையாவது கட்டுரையாளர் சேர்த்திருக்க வேண்டும்.