மூன்றாவது டேக்

சிங்கப்பூரிலிருந்து ஒரு குழு தமிழ்நாட்டில் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போய் எடுத்துப் போட்ட அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் பார்த்தாயிற்று. மீதிப் பேர் "அழுதுட்டேன்" என்று எனக்கே அனுப்பிவிட்டீர்கள். நானும் கிட்டத்தட்ட அழுதேன். காரணம்தான் வேறு.

நான்கு நாள். திருச்சியில் இறங்கி, வேன் பிடித்து, இல்லத்துச் சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைந்து, பிரியாணி போட்டு, திரும்ப விமானம் ஏறியாயிற்று. நடுவில் அந்தப் பையன் கேமராவைப் பார்த்து "தேங்க் யூ சிங்கப்பூர்" என்கிறான். காற்று இரைச்சலாம், இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. நாம் பார்த்தது மூன்றாவது டேக். எப்படித் தெரியும் என்கிறீர்களா? முதல் இரண்டையும் அவர்களே சிரிப்பு எமோஜியோடு போட்டிருக்கிறார்கள்.

நான் கீழே எழுதியது ஒரே வரி: "பையனின் முகத்தை மறைத்திருக்கலாம்." அதற்குத்தான் அத்தனை பாட்டு. பொறாமை. ஏசியில் உட்கார்ந்து உபதேசம். "நாலு நாளாவது போனாங்க, நீங்க என்ன கிழிச்சீங்க?"

சரி, சொல்கிறேன். 2013-இல் சம்பளமில்லா விடுப்பு எடுத்து நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஆண்பிள்ளைகள் இல்லத்தில் பதினோரு மாதம் இருந்தேன். அதன்பின் கோவிட் ஆண்டுகள் நீங்கலாக ஒவ்வொரு டிசம்பரும் போகிறேன். இதைப் பொதுவில் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். சொல்ல வைத்துவிட்டீர்கள், சந்தோஷமா?

முதல் மூன்று மாதம் என்னால் அங்கே யாருக்கும் பிரயோசனமில்லை. மருந்து தடவ எனக்குச் சிரங்கைக் காட்டவே பையன்கள் கூச்சப்பட்டார்கள். நான்காவது மாதம்தான் ஒருவன் தன் பெட்டியைத் திறந்து காட்டினான். அங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு டிரங்குப் பெட்டி, சாவி அரைஞாண் கயிற்றில். உள்ளே இரண்டு சட்டை, அம்மா படம், காலியான கோடாலித் தைலப் பாட்டில், அப்புறம் ஏழு மெர்லயன் சாவிக்கொத்துகள், சிங்கப்பூரின் சிங்கத்தலை மீன் சின்னம் போட்டவை. ஏழு குழு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இவங்க வரேன்னாங்க. இவங்களும் வரேன்னாங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னான். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நீண்ட நாள் இருங்கள், இல்லையென்றால் "அண்ணே" என்று கூப்பிட வைத்துவிட்டு வராதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான். திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74: பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி பெயரோ படமோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே சிங்கப்பூரில் நம் பிள்ளையின் பள்ளியில் ஒரு குழுப்படத்துக்கே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம். விமானத்தில் நாலு மணி நேரம் தாண்டினால் படிவம் எங்கே போகிறது?

"படம் போடாவிட்டால் காசு எங்கிருந்து வரும்?" நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அரிசி மூட்டைக்குக் கடைக்காரரிடம் தவணை கேட்ட காப்பாளரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 2013-இல் நானே படங்கள் போட்டிருக்கிறேன், நூற்றுக்கணக்கில். எடுத்துவிட்டேன் என்றாலும் போட்டது போட்டதுதான். ஆனால் சமையற்கட்டைப் படம் எடுங்கள், கிழிந்த பாயை எடுங்கள், மளிகைக் கடைப் பாக்கி ரசீதை எடுங்கள். ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்தான்) கொடுக்க ஒரு பையனின் முகம்தான் வேண்டுமென்றால் அந்த ஐம்பது வெள்ளி யாருக்காக?

"பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தானே" என்கிறவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

"அநாதைப் பிள்ளைகள்" என்று தலைப்பு வேறு. நான் இருந்த இல்லம் 2004 சுனாமிக்குப் பிறகு தொடங்கியது. அங்கேயே பெரும்பாலான பையன்களுக்கு அம்மாவோ அப்பாயியோ உண்டு, வீட்டில் வைத்துச் சோறு போடத்தான் வழியில்லை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்கள் 75 விழுக்காடு கூடின என்றது யுனிசெஃப். உள்ளே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க ஆள் வர வர, காட்டப் பிள்ளை வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் வண்ணத்துப்பூச்சி வரைய இன்னொரு சுவர் வேண்டாமா?

கடுமையாகப் பேசுகிறேன் என்று என் அக்காவே சொல்கிறாள். "நீயும் விட்டுட்டுத்தானேடா வந்தே?" ஆமாம். பதினோரு மாதம் முடிந்து கிளம்பியபோது பெட்டிக்காரன் வாசலுக்கு வரவில்லை. கொல்லைப்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவும் இல்லை. என் கணக்கும் சுத்தமில்லை, தெரியும். அதனால்தான் டிசம்பரில் விமானச்சீட்டு என்ன விலை விற்றாலும் வாங்குகிறேன் என்று நினைக்கிறேன். அதைக் கூட்டத்தில் வைத்து "கிழிச்சீங்க" என்று கேட்டால் வலிக்காதா?

அந்தப் பெட்டிக்காரன் இப்போது இங்கே சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான், வொர்க் பெர்மிட்டில். போன ஞாயிறு லிட்டில் இந்தியா பக்கம் டெக்காவில் தேநீர் குடிக்கும்போது அந்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். முகம், சட்டம், டேக் எதுவும் அவன் கண்ணில் படவில்லை. பையன் முன்னால் இருந்த தட்டைத்தான் பார்த்திருக்கிறான்.

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அந்த இல்லத்தில் யாரோ ஒருவருடைய நினைவு நாள் சாப்பாடு என்றால் இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். நன்கொடையாளர் வந்து படம் எடுக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. கார் நாகூரைத் தாண்டிவிட்டதாம், இதோ வந்துவிடுமாம். அரைமணி. சாம்பாரில் ஏடு படியும். கடைசி வரிசைச் சின்னப் பையன் அப்பளத்தை மட்டும் தொடைக்கடியில் ஒளித்துக்கொள்வான்.

"அண்ணே, மூணு தடவை எடுத்து முடிச்சப்புறம் அந்தத் தட்டை அவனுக்கே குடுத்தாங்களா?" என்று பெட்டிக்காரன் கேட்டான்.

பதிவின் கீழே போய் இதை அப்படியே எழுதிக் கேட்டிருக்கிறேன். ஆறு நாளாகிறது. இதய எமோஜி போட அவர்களுக்கு நேரமிருக்கிறது.